ஓமனா சேச்சியின் மனு

ஆஸ்பத்திரி அலுவலகத்தில் அந்தக் காகிதத்தை நீட்டிய குமாஸ்தா கௌசல்யாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரே பக்கம், முழுக்க இங்கிலீஷ். அடியில் வரிசையாகக் கையெழுத்துகள், ஒரு வட்ட முத்திரை.

"என்ன சார் போட்டிருக்கு?"

"கம்மிட்டி அனுமதி கொடுத்தில்ல. ரிஜெக்டட்," என்றார் அவர், கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே.

காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு அவள் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். அழுகை வரவில்லை. வீட்டுக்குப் போய் அவரிடம் எப்படிச் சொல்வது என்று மட்டும்தான் யோசித்தாள்.

அவள் கணவர் பிச்சைக்கனி சாலைக் கடைத்தெருவில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். திசையன்விளைப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. போன வருஷம் கால் வீங்கியது, மூச்சு முட்டியது. பார்த்தால் இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஊசி குத்திக் குத்தி இடது கை நரம்பு கயிறு மாதிரிப் புடைத்துவிட்டது. மாவை வீசி விசிறியாக விரித்த கை, இப்போது சட்டைப் பொத்தானைப் போடவே நடுங்கியது.

மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் பிழைப்பார் என்று டாக்டர் சொன்ன அன்றே கௌசல்யா தன்னுடையதை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். பரிசோதித்துவிட்டு, "உங்களுக்கே சர்க்கரை இருக்கு, எடுக்க முடியாது" என்று அனுப்பிவிட்டார்கள். ஊரிலிருந்து வந்த தம்பிக்கு ரத்தம் பொருந்தவில்லை. அதற்குப் பிறகு ஒருநாள் மாடி வீட்டு ஓமனா சேச்சி படியிறங்கி வந்து, வாசலில் நின்றபடியே, "என்றெ ரத்தம் ஓ குரூப்பாணு. நோக்கான் பறயு" என்றாள். பொருந்துமா என்று பார்க்கச் சொல்கிறாள், ஏதோ கடையில் ஒரு சாமான் இருக்கிறதா பாருங்கள் என்பது போல.

ஓமனாவுக்கு ஐம்பத்தொரு வயது. கணவர் ராஜப்பன் இறந்து எட்டு வருஷம் ஆயிற்று. மணக்காட்டில் அந்த மாடி அறையில் தையல் மெஷினை வைத்துக்கொண்டு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறாள். ஒரே மகள் ஸ்மிதா கல்யாணமாகிக் கொல்லத்தில் இருக்கிறாள். ஓமனாவுக்கு எடுத்த எல்லாப் பரிசோதனையும் பொருந்தி வந்தது. டாக்டரே ஆச்சரியப்பட்டார்.

ஆனால் சொந்தக்காரர் அல்லாதவர் கொடுப்பதென்றால் அரசு அமைத்த அனுமதிக் குழு சரி சொல்லவேண்டும். பணத்துக்காகவோ மிரட்டலுக்காகவோ கொடுக்கவில்லை, அன்பினால்தான் கொடுக்கிறார் என்று அவர்களுக்குத் திருப்தி வரவேண்டும். அதற்காக இவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தது மொத்தம் பத்து நிமிஷம். "இந்த அம்மா உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டதற்குப் பிச்சைக்கனி, "பக்கத்து வீடு சார்" என்றார். கௌசல்யாவும் அதையேதான் சொன்னாள்.

மறுநாள் சனிக்கிழமை. கௌசல்யா ஸ்ரீவராகத்தில் வேலை செய்யும் வீட்டுக்குக் காகிதத்தோடு போனாள். அந்த வீட்டுப் பெண் சுப்ரியா எர்ணாகுளத்தில் ஹைகோர்ட் வக்கீல்; வார இறுதியில்தான் வீட்டுக்கு வருவாள். கௌசல்யா கூடவே ஓமனாவையும் அழைத்துப் போயிருந்தாள்.

"மொதல்ல ரெண்டு பேரும் ஒக்காருங்கோ," என்று சொல்லிவிட்டு சுப்ரியா நின்றபடியே படித்தாள். முடித்ததும் மறுபடி ஒருமுறை படித்தாள்.

"மூணு காரணம் எழுதியிருக்கா. நீங்க பக்கத்து வீடுங்கறதைத் தவிர வேற பழக்கத்துக்கு ஆதாரம் இல்லையாம். இவா பொண்ணு முழுமனசா சம்மதிக்கலையாம். மூணாவதுதான்…" அவள் ஓமனாவைப் பார்த்தாள். "'நோயாளி முன்பு செய்த உதவிக்குக் கடமைப்பட்டிருப்பதாகக் கொடையாளியே கூறுகிறார். ஆகவே கைம்மாறு இல்லை என்று சொல்வதற்கில்லை.' என்ன ஒதவி அது?"

கௌசல்யா திரும்பி ஓமனாவைப் பார்த்தாள். "என்ன ஒதவி சேச்சி? எனக்கே தெரியாதே?"

ஓமனா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "கனி நின்னோடு பறஞ்சில்லே?"

அவர் இவளிடம் சொல்லவே இல்லை என்று தெரிந்ததும் அவளே சொன்னாள். ராஜப்பனுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருஷம் படுக்கை. மாடிப்படி செங்குத்து, ஆள் ஒருவர்தான் ஏறலாம். வாரம் மூன்று நாள் உடற்பயிற்சிச் சிகிச்சைக்குக் கீழே இறக்கி ஆட்டோவில் ஏற்றவேண்டும். அப்போது கீழறையில் ஹோட்டல் ஆட்களோடு தங்கியிருந்த பிச்சைக்கனி காலையில் வேலைக்குப் போகுமுன் வந்து, ராஜப்பனை முதுகில் சுமந்து இறக்குவார். மத்தியானம் ஹோட்டலில் அனுமதி கேட்டு ஓடிவந்து மேலே ஏற்றுவார். ஞாயிற்றுக்கிழமை தோறும் குளிப்பாட்டி முகச்சவரம் செய்துவிடுவார். ராஜப்பனுக்குப் பேச்சு போய்விட்டது. கனி வந்தால்தான் வாயைத் திறந்து கஞ்சி குடிப்பார்.

"மூணு வருஷமா?" என்று சுப்ரியா கேட்டாள்.

"மரிக்கும் வரை. ஒரு நாளும் முகம் கறுத்தில்ல, கேட்டோ."

கௌசல்யா அப்போது ஊரில் படுத்த படுக்கையாக இருந்த மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் போன பிறகுதான் இங்கே வந்தாள். 'ஞாயித்துக்கிழமையும் ஊருக்கு வரமாட்டியளோ' என்று போனில் எத்தனை தடவை சண்டை போட்டிருப்பாள்! 'சோலி கெடக்கு' என்பார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டார். அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

"நான் 'பக்கத்து வீடு'ன்னு மட்டும் சொல்லிட்டேனே மேடம். என்னாலதான் கெட்டுது."

"உங்களால இல்லை. பத்து நிமிஷத்துல யாரால என்ன சொல்ல முடியும்?" சுப்ரியா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். "இதைக் கேட்டுக்கோங்கோ. அவா சந்தேகப்படறது தப்பில்லை. ஏழைப்பட்டவாளோட சிறுநீரகத்தை ஏமாத்தி வாங்கி விக்கறவா இருக்கா. அதைத் தடுக்கத்தான் சட்டம். ஆனா ஒரு உசிர் சம்பந்தப்பட்ட விஷயத்துல வேண்டாம்னு சொல்றதுன்னா, விசாரிச்சுட்டுச் சொல்லணும். அனுமானத்துல சொல்லப்படாது. உயிரோட, மரியாதையா வாழற உரிமை அரசியல் சாசனத்துல இருபத்தொண்ணாம் பிரிவுல இருக்கு. அது மலையாளிக்கு மட்டும், பணக்காராளுக்கு மட்டும்னு எழுதலை."

"கோர்ட்டு கிட்னி வைக்கச் சொல்லிருமா?"

"அதைச் சொல்லாது. டாக்டர் பண்ற வேலையை ஜட்ஜ் பண்ண மாட்டார். இந்த முடிவை எடுத்த விதம் சரியான்னு பார்ப்பார். நமக்கு அது போறும்."

மனுவில் பிச்சைக்கனியும் ஓமனாவும் இரண்டு மனுதாரர்கள். பிச்சைக்கனி ஆஸ்பத்திரிப் படுக்கையில் குழாய்களோடு படுத்துக்கொண்டே வலது கையால் கையெழுத்துப் போட்டார்.

"ஏளா, இதெல்லாம் என்னத்துக்கு? அந்தம்மாவ ஏன் கோர்ட்டு கச்சேரின்னு அலைய விடுதிய?" என்றார்.

"நீங்க ராஜப்பன் சாரச் சொமந்தத எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லுததுக்கு என்ன இருக்கு அதுல," என்றார்.

வழக்கு எடுக்கப்பட்ட அன்று கௌசல்யாவும் ஓமனாவும் விடிவதற்குள் எர்ணாகுளம் ரயிலில் ஏறினார்கள். ஓமனா இட்டலியும் சம்மந்தி என்கிற தேங்காய்த் துவையலும் பொதிந்து எடுத்து வந்திருந்தாள். வர்க்கலை தாண்டும்வரை இருவரும் பேசவில்லை. பிறகு ஓமனா, "மோளே, எனக்கு பேடியுண்டு" என்றாள்.

"பயமா? கோர்ட்டுக்கா?"

"ஆப்பரேஷனுக்கு. ஆரோடும் பறயண்டா."

கௌசல்யா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்னா இப்பவே எறங்கிருவோம் சேச்சி. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். அவியளும் நெனைக்க மாட்டாவ." அதை மனதாரத்தான் சொன்னாள்.

"பேடியுண்டுன்னல்லே பறஞ்சது. வேண்டாம்னு பறஞ்சோ?" என்று ஓமனா இட்டலிப் பொதியைப் பிரித்தாள்.

நீதிமன்ற அறை கௌசல்யா நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. கடைசி பெஞ்சில் இருவருக்கும் இடம் கிடைத்தது. இவர்கள் வழக்கு வரப் பன்னிரண்டரை மணி ஆயிற்று. நீதிபதி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக் கோப்பைப் பார்க்கும் வயதான மனிதர். சுப்ரியா இங்கிலீஷில் பேசினாள். வீட்டில் கேட்கும் குரலே இல்லை அது. பிறகு அரசு வக்கீல் எழுந்தார். அவர் பேசியதில் 'கிட்னி ராக்கெட்', 'ஏஜென்ட்' என்று தரகுக் கும்பல்களைச் சொல்லும் சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. கௌசல்யாவுக்கு முகம் சூடேறியது.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இரண்டாம் மனுதாரர் வந்திருக்கிறாரா என்று கேட்டார். ஓமனா முன்னால் போய் நின்றாள். அவர் மலையாளத்தில், நிதானமாகக் கேட்டார்: கொடுக்கச் சொல்லி யாராவது சொன்னார்களா?

"இல்ல சாரே. ஞான் தன்னே தீருமானிச்சது."

அறுவை சிகிச்சையில் உங்களுக்கே ஆபத்து வரலாம். தெரியுமா?

"டாக்டர் எல்லாம் பறஞ்சு. பேடியுண்டு."

அரசு வக்கீல் தலையை நிமிர்த்தினார். நீதிபதி கையை உயர்த்தி அவரைப் பொறுக்கச் சொன்னார். உங்கள் கணவரை அவர் சுமந்ததற்குப் பதிலாகக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார்.

ஓமனா சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"அதினு பதில் கொடுக்கான் பற்றுமோ சாரே? மூணு வருஷம் சுமந்நது. அதினு எந்தா கணக்கு? அங்ஙனெ சுமந்நது கொண்டாணு ஆள் எங்ஙனெயெந்நு எனக்கு மனசிலாயது. ஆளெ அறிஞ்ஞது கொண்டாணு கொடுக்குன்னது."

சுமந்ததற்குக் கூலியாக இல்லை. சுமந்ததால்தான் அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்தது, தெரிந்ததால் கொடுக்கிறேன் என்றாள். கௌசல்யாவுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

நீதிபதி அரசு வக்கீலிடம் திரும்பினார். குழு எச்சரிக்கையாக இருப்பது நல்லது, அதை நான் தளர்த்தமாட்டேன் என்று தொடங்கினார். பிறகு, இவர்கள் குடியிருக்கும் தெருவுக்குப் போய் யாராவது ஒருவர் விசாரித்ததாகக் கோப்பில் இருக்கிறதா என்று கேட்டார். அரசு வக்கீல் பக்கங்களைப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார். கோப்பை மூடி வைத்துவிட்டு, "இல்லை" என்றார். மழுப்பாமல் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காக அவர் மேல் இருந்த கோபம் கௌசல்யாவுக்குப் போய்விட்டது.

உத்தரவை நீதிபதி அங்கேயே சொல்லச் சொல்ல ஒருவர் தட்டச்சு செய்தார். நிராகரித்த ஆணை ரத்து. ரயிலடிக்குப் போகும் ஆட்டோவில் சுப்ரியா அதைத் தமிழில் சொன்னாள்.

"நன்றிங்கறது வெலையில்லை, அதை வெலைன்னு நெனைச்சது குழுவோட பிழைன்னு எழுதியிருக்கார். சட்டத்துல அன்பு, பற்றுதல்னு இருக்கே, அது இந்த மாதிரி விஷயத்துலேருந்துதான் வரும், அதுக்கு ரசீது கேக்கப்படாதுன்னார். பக்கத்துல போயி விசாரிச்சு, இவா ரெண்டு பேரையும் அவா பாஷையிலேயே கேட்டு, பத்து நாளுக்குள்ள குழு புதுசா முடிவெடுக்கணும். எந்த முடிவானாலும் காரணத்தை எழுதணும்."

"அப்பம் இன்னும் கெடைக்கலியா மேடம்?"

"இன்னும் கெடைக்கலை. ஆனா இனிமே அவா கேட்டுத்தான் ஆகணும்."

அன்று சாயங்காலம் ரயிலில் ஓமனாவின் மகள் ஸ்மிதாவிடமிருந்து போன் வந்தது. குழு அவளிடம் கேட்டபோது, "நான் சொன்னால் அம்மா கேட்கவா போகிறாள்?" என்று சொல்லியிருக்கிறாள். அதைத்தான் சம்மதமில்லை என்று எழுதிவிட்டார்கள். ஓமனா போனைக் கௌசல்யாவிடம் கொடுத்தாள்.

"சேச்சி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க," என்றாள் ஸ்மிதா. "அம்மா மூணு மாசம் கனம் தூக்கக் கூடாது. எனக்கு வேலையும் பிள்ளையும். யாரு நோக்கும்?"

"நான் பாத்துக்கிடுதேன்."

"நீங்க உங்க ஹஸ்பண்டெ நோக்கணும் அல்லே?"

"ரெண்டு பேரையும் பாத்துக்கிடுதேன். ஒரே வீடு மாதிரிதானம்மா. ஒரு படிதான் நடுவுல."

ஸ்மிதா அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு பத்திரம் எழுதி அனுப்பினாள். 'எனக்குப் பயம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் இது அம்மாவின் உடம்பு, அம்மாவின் முடிவு. நான் தடுக்கவில்லை' என்று அதில் இருந்தது.

விசாரணைக்கு வந்த சப் இன்ஸ்பெக்டர் ஷிபினுக்கு முப்பது வயது இருக்கும். பிச்சைக்கனி வீட்டுக்குள் வராமல் முதலில் தெருவில்தான் கேட்டார். மீன் விற்கும் ரத்னாபாயிடம் கேட்டார், மூலைக் கடையில் கேட்டார், அந்தக் காலத்து ஆட்டோ டிரைவரைத் தேடிப் பிடித்துக் கேட்டார். எதிர்வீட்டுக்காரர் இரண்டு வருஷமாகப் பிச்சைக்கனியோடு குழாயடித் தகராறில் பேச்சே இல்லாதவர். அவரே வெளியே வந்து, "ஆள் முன்கோபக்காரன்தான் சாரே. பட்சே ராஜப்பனெ சுமந்நது ஞான் கண்டதாணு" என்றார். கடைசியில் ஷிபின் அந்த மாடிப்படியில் ஏறி, இறங்கிப் பார்த்தார். இறங்கும்போது இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இதிலயா சுமந்தாங்க?" என்று கேட்டு, நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

ஒன்பதாம் நாள் குழு மறுபடி கூப்பிட்டது. இந்தத் தடவை தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தலைவராக இருந்த டாக்டர் பிச்சைக்கனியிடம் அதே கேள்வியைக் கேட்டார். இந்த அம்மா உங்களுக்கு என்ன வேண்டும்?

பிச்சைக்கனி கௌசல்யாவைப் பார்த்தார். 'சொல்லுங்க' என்று அவள் கண்ணால் கெஞ்சினாள்.

"என்ன வேணும்னு எனக்குச் சொல்லத் தெரியல சார்," என்றார் அவர். "இவிய வீட்டுக்காரர நான் முதுகுல ஏத்தி எறக்குவேன். அவருக்குப் பேச்சு கெடையாது. கீழ வந்து எறக்கி விட்டதும் ஒவ்வொரு தடவையும் என் தலைய ஒரு தடவு தடவுவாரு. எங்கய்யாகூட என்னய அப்பிடித் தடவுனதில்ல. நான் ஒதவி செஞ்சேன்னு இவிய சொல்லுதாவ. எனக்கு அப்பிடித் தோணல. அந்த வீட்டுல எனக்கும் கெடைச்சுது சார்."

நர்ஸ் அதை ஒரு சொல் விடாமல் மலையாளத்தில் சொன்னார்.

அனுமதி அன்றே கிடைத்தது. காரணத்தோடு, இரண்டு பக்கம். வெளியே வரும்போது தலைவர் டாக்டர் கௌசல்யாவை நிறுத்தினார். முதல் ஆணையில் கையெழுத்திட்டவரும் அவர்தான். அரைகுறைத் தமிழில், "அம்மா, வயித்துல தழும்போட, கையில ஒண்ணும் இல்லாம வந்து நின்ன பெண்ணுங்களை ஞான் கண்டிருக்கு. அந்தப் பேடி. உங்களை ஞான் சரியாக் கேட்டில்ல" என்றார்.

கௌசல்யா கைகூப்பினாள். தன்னைப் போன்ற பெண்களுக்காக இப்படிப் பயப்படவும் ஒருவர் இருக்கிறாரே என்று அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "நல்லா இருங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

அறுவை சிகிச்சை அடுத்த மாதம் நடந்தது. காலையில் ஓமனாவை முதலில் கூட்டிப் போனார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு, "சரசம்மயுடெ ரவிக்கை மேசைமேல் இருக்கு, வந்தா கொடுத்துடு" என்றாள். அரை மணி கழித்துப் பிச்சைக்கனி. ஸ்மிதாவும் கௌசல்யாவும் வராந்தா பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். பகல் முழுக்க ஒருவர் கையை ஒருவர் விடவில்லை.

சாயங்காலம் ஒரு நர்ஸ் வேகமாக வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மூத்திரம் வந்நு!"

ஒரு வருஷத்துக்கு மேலாகச் சொட்டுக்கூட வராத மனிதருக்குப் பை நிறைந்துகொண்டிருக்கிறதாம், ஆப்பரேஷன் மேசையிலேயே தொடங்கிவிட்டதாம். கௌசல்யாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஸ்மிதாவைக் கட்டிக்கொண்டு, "ஓங்கம்மா எங்க? சேச்சி எப்பிடி இருக்காவ?" என்றாள். இருவரும் நலம் என்றாள் நர்ஸ்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை சுப்ரியா மணக்காட்டுக்குப் பார்க்க வந்தாள். பிச்சைக்கனி முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே கட்டிலில் இருந்தார். ஓமனா கீழ்வீட்டிலேயே தங்கியிருந்தாள். மாடிப்படி ஏறக் கௌசல்யா இன்னும் அனுமதி கொடுக்கவில்லை.

"மேடம், அந்த ஜட்ஜையாவுக்கு நாலு பழம் வாங்கிக் குடுக்கணும்," என்றாள் கௌசல்யா. "எங்க போயிப் பாக்கணும்?"

சுப்ரியா சிரித்தாள். "அதெல்லாம் பண்ணப்படாது. அவருக்கு வேலை அது. இந்நேரம் உங்க பேர்கூட மறந்திருக்கும்."

"மறந்தா என்ன, நாங்க மறக்கலியே."

"மேடம், என்னெ ஒந்நு ரட்சிக்கணும்," என்று ஓமனா சுப்ரியாவிடம் முறையிட்டாள். "ஒரு பக்கெட் எடுக்கான் இவள் சம்மதிக்கில்ல. தையல் மெஷின் சவிட்டான் சம்மதிக்கில்ல. இதினு ஒரு ரிட் மனு போடான் பற்றுமோ?"

"கௌசல்யா, என்ன காரணம்? எழுத்துல குடுங்கோ," என்றாள் சுப்ரியா.

கட்டிலில் பிச்சைக்கனி முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தால் தையல் இழுக்கும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். கௌசல்யா ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். டயாலிசிஸ் நாட்களில் நாளுக்கு நாலு வாய்க்கு மேல் குடிக்கக்கூடாது என்று ஐஸ் துண்டை நாக்கில் வைத்துக்கொண்டிருந்தவர் அவர். இப்போது நிறையக் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் அண்ணாந்து, நிறுத்தாமல், குரல்வளை ஏறி இறங்கக் குடித்தார்.

ஓமனா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "மெல்ல குடி கனீ," என்றாள். "தீர்ந்நு போகில்ல."

செம்பை வாங்கிக்கொண்டு கௌசல்யா இன்னொரு தடவை நிரப்பப் போனாள்.